நூறு கோர் போட்டால் நூறு மடங்கு வேகமா? கட்டுப்பாட்டுச் சிக்கல்களில் இணைத் தேடல்

செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் "கம்ப்யூட்டர்களைக் கூட்டிக்கொண்டே போனால் எதையும் தீர்த்துவிடலாம்" என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. நியூரல் நெட்வொர்க் விஷயத்தில் இதற்கு ஓரளவு நியாயம் உண்டு. அங்கே நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான பெருக்கலும் கூட்டலும்தான். எவ்வளவு வேலை இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும், சமமாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

ஆனால் அட்டவணை போடுவது, விமானங்களுக்குப் பணியாளர்களை ஒதுக்குவது, தொழிற்சாலை இயந்திரங்களுக்கு வேலை வரிசை அமைப்பது, சுடோகு போடுவது எல்லாம் வேறொரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. ஏன் செல்லாது, அப்படியிருந்தும் பல கோர்களை ஒரே நேரத்தில் எப்படித் தேட வைக்கிறார்கள் (இதுதான் இணைத் தேடல்) என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். கோர் என்றால் ஒரு சிப்புக்குள் தனித்து இயங்கிக் கணக்குப் போடும் பகுதி. அது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

எதைக் கட்டுப்பாட்டுச் சிக்கல் என்கிறோம்?

நான்கு தேர்வுகள் நடத்த வேண்டும்: கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். நேரங்கள் மூன்று: காலை, மதியம், மாலை. கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றையும் எழுதும் மாணவர்கள் இருப்பதால் அவற்றில் எந்த இரண்டும் ஒரே நேரத்தில் வரக்கூடாது. வேதியியலும் உயிரியலும் மோதக்கூடாது. உயிரியலுக்கான அறை மாலையில் மட்டுமே கிடைக்கும்.

இவ்வளவுதான் கட்டுப்பாட்டு நிறைவுச் சிக்கல். தேர்வுகள் நான்கும் இங்கே மாறிகள், அதாவது மதிப்புக் கொடுக்கப்பட வேண்டியவை. ஒவ்வொன்றும் எடுக்கக்கூடிய நேரங்களின் பட்டியல் அதன் களம். எது எதோடு சேரலாம், சேரக்கூடாது என்ற விதிகள் கட்டுப்பாடுகள். எல்லா மாறிகளுக்கும் மதிப்புக் கொடுத்து, ஒரு கட்டுப்பாடும் மீறப்படாமல் இருந்தால் அது விடை.

நான்கு தேர்வு, மூன்று நேரம் என்றால் மொத்தம் 81 சேர்க்கைகள். கையாலேயே பார்த்துவிடலாம். 40 தேர்வுகள், 10 நேரங்கள் என்று ஆகட்டும்: 1க்குப் பின்னால் 40 பூஜ்யங்கள் போட்ட எண்ணிக்கை வந்துவிடும். 10 லட்சம் கோர்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 100 கோடி சேர்க்கைகளைச் சோதித்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப்போல் 2 கோடி மடங்குக்கும் மேலான காலம் ஆகும். ஆக, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சோதிப்பது எத்தனை கோர் இருந்தாலும் வழியே அல்ல.

ஒரே ஒரு கோர் எப்படித் தேடுகிறது?

இரண்டு வேலைகளை மாற்றி மாற்றிச் செய்கிறது. ஒன்று ஊகிப்பது, மற்றொன்று அந்த ஊகத்தின் விளைவுகளைக் கறாராகப் பின்தொடர்வது.

நம் தேர்வுகளுக்கே வருவோம். உயிரியல் மாலையில்தான். ஆகவே வேதியியலின் களத்திலிருந்து மாலையை அடித்துவிடலாம். இன்னும் எதையும் ஊகிக்கவில்லை, ஆனாலும் ஒரு வாய்ப்பு குறைந்துவிட்டது. இப்போது ஓர் ஊகம்: கணிதம் காலையில். உடனே இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் காலை போய்விடுகிறது. வேதியியலுக்கு மிஞ்சியது மதியம் மட்டும். வேதியியல் மதியம் என்றால் இயற்பியலுக்கு மதியம் இல்லை, மாலைதான். முடிந்தது. ஒரே ஓர் ஊகத்தில் நான்கும் நிரம்பிவிட்டன.

இப்படி ஒரு களத்தில் ஏற்பட்ட குறைவு அடுத்த களத்தைக் குறைப்பது, அது அதற்கடுத்ததைக் குறைப்பது என்று போவதைக் கட்டுப்பாட்டுப் பரவல் என்பார்கள். ஆலன் மேக்வொர்த் 1977இல் முறைப்படுத்திய ஏசி-3 என்ற அல்காரிதம் இதைத்தான் செய்கிறது. இன்றும் முதல் பாடமாகச் சொல்லித்தரப்படுவது அதுதான்.

பரவலின்போது ஏதாவது ஒரு மாறியின் களம் காலியாகிவிட்டால், கடைசி ஊகம் தப்பு என்று அர்த்தம். அதைக் கைவிட்டு ஒரு படி மேலே போய் வேறு மதிப்பை எடுத்துப் பார்க்க வேண்டும். இது பின்வாங்கித் தேடுதல். ஊகங்கள் கிளை கிளையாகப் பிரிவதால் இந்தத் தேடலை ஒரு மரமாக வரைவது வழக்கம்: உச்சியில் முதல் ஊகம், கீழே அடுத்தடுத்தவை, அடியில் விடைகளும் முட்டுச்சந்துகளும்.

இதுவரை வந்தது: சிக்கல் என்பது மாறிகள், களங்கள், கட்டுப்பாடுகள். தேடல் என்பது ஊகம், பரவல், பின்வாங்கல். இந்த மூன்றில் எதைப் பல கோர்களுக்குப் பங்கிட முடியும் என்பதே இனிக் கேள்வி.

கூடுதல் கோர்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

பலர் தாண்டிப் போய்விடும் கணக்கு ஒன்றை முதலில் போட்டுவிடுவோம். ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்புள்ள மாறிகள் மட்டும் கொண்ட சிக்கலில், ஒரு மாறி கூடினால் சேர்க்கைகள் இரட்டிப்பாகும். 10 மாறிகள் கூடினால் 1,024 மடங்கு. உங்களிடம் 1,024 கோர்கள் இருக்கின்றன, வேலையும் துளி வீணாகாமல் சமமாகப் பிரிகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் கூடுதலாக எத்தனை மாறிகளைச் சமாளிக்கலாம்? பத்தே பத்து. 10 லட்சம் கோர்களுக்குப் போனால் இருபது.

உண்மையான தேடல் எல்லாச் சேர்க்கைகளையும் பார்ப்பதில்லை, பரவல் பெரும்பகுதியை வெட்டிவிடுகிறது. ஆனால் கடினமான சிக்கல்களில் வெட்டியது போக மிஞ்சும் மரமும் இதே மாதிரிதான் வீங்குகிறது. அதனால் என் கருத்து இது: இணைத் தேடல் மரத்தை வேகமாக நடந்து முடிக்க உதவும், மரத்தையே சிறிதாக்குவது வேறு கலை. சிக்கலை நன்றாக எழுதுவதும் பரவலை வலுவாக்குவதும் அந்தக் கலையில் சேர்ந்தவை. கோர்களுக்குச் செலவழிக்கும் முன் அதில் நேரம் செலவழிப்பது நல்லது.

அப்படியானால் பல கோர்கள் வீணா? இல்லவே இல்லை. இரண்டு மாதம் ஓட வேண்டிய தேடல் ஒரே நாளில் முடிந்தால், நடைமுறையில் அது முடியாததற்கும் முடிந்ததற்கும் உள்ள வித்தியாசம்.

பரவலைப் பங்கிட முடியுமா?

பார்வைக்கு எளிது போலத் தெரியும். ஆயிரம் கட்டுப்பாடுகள் இருக்கின்றன, கோருக்கு நூறு கொடுத்துவிடலாமே?

மேலே பார்த்த சங்கிலியைத் திரும்பப் பாருங்கள். கணிதம் காலையில் என்று ஊகித்த பிறகு இயற்பியலுக்கு மதியம், மாலை இரண்டும் மிச்சமிருந்தன. வேதியியல் மதியம் என்று உறுதியான பிறகுதான் இயற்பியல் மாலைக்குத் தள்ளப்பட்டது. இயற்பியலுக்கென்று தனி கோர் ஒதுக்கியிருந்தாலும், வேதியியலின் முடிவு வரும்வரை அது சும்மாதான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்றின் முடிவுக்காக அடுத்தது காத்திருக்கும் சங்கிலி நீளமாக இருந்தால், எத்தனை கோர் இருந்தும் சங்கிலியின் நீளத்துக்கான நேரம் ஆகியே தீரும்.

இது நம் சின்ன உதாரணத்தின் கோளாறு அல்ல. மிக மோசமான நிலையில் இந்த வகைப் பரவல் இயல்பாகவே வரிசையாக நடக்க வேண்டியது என்று சைமன் காசிஃப் 1990இல் காட்டினார். கணினி அறிவியலில் பலமாக நம்பப்படும் ஓர் அனுமானம் பொய்யாகாத வரை, கோர்களைக் குவிப்பதால் மட்டும் அதைத் தடாலடியாக வேகப்படுத்தும் பொது வழி கிடையாது. எல்லாச் சிக்கல்களும் அந்த மோசமான வகை அல்ல. அகலமாகப் பரவும் சிக்கல்களில் ஓரளவு பலன் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு பரவலும் நொடியின் மிகச் சிறு பங்கில் முடிந்துவிடுவதால், கோர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

இங்கே ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதமும் பொருந்தும். ஒரு வேலையில் 10 சதவீதம் வரிசையாகத்தான் நடக்க வேண்டும் என்றால், மீதி 90 சதவீதத்தை எத்தனை கோர்களுக்குப் பிரித்தாலும் மொத்த வேகம் 10 மடங்கைத் தாண்டாது.

மரத்தைப் பங்கிடுவது

அப்போது மிஞ்சுவது ஊகங்கள். கணிதம் காலை, மதியம், மாலை என்ற மூன்று கிளைகளையும் மூன்று கோர்களிடம் கொடுத்துவிடலாம். ஒரு கிளையில் தேடுவதற்கு அடுத்த கிளையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. இணைத் தேடலின் இதயம் இதுதான்.

பிரச்சினையும் இங்கேதான் தொடங்குகிறது. கணிதம் காலை என்ற கிளையில் ஒரே விடை, அதற்கு மேல் ஊகமே தேவைப்படவில்லை. மதியம் என்றாலும் அப்படித்தான்: வேதியியல் காலை, இயற்பியல் மாலை என்று தானாக நிரம்பிவிடும். கணிதம் மாலை என்றால் மட்டும் இயற்பியலும் வேதியியலும் காலை, மதியம் இரண்டையும் வைத்துக்கொண்டு நிற்கும். இன்னொரு ஊகம் வேண்டும், விடைகளும் இரண்டு. நான்கே தேர்வுகள் கொண்ட மரத்திலேயே மூன்று பங்குகள் சமமில்லை.

தொலைந்துபோன சாவியைத் தேட ஒரு பெரிய மாளிகைக்குள் பத்துப் பேர் நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு கதவு. ஒரு கதவைத் திறந்தால் வெறும் அலமாரி. இன்னொன்றைத் திறந்தால் நூறு அறைகள் கொண்ட தனிக் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கதவும் ஒரே மாதிரிதான். ஒன்பது பேர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நிற்க, ஒருவர் நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார். தேடல் மரத்தின் கிளைகளும் இப்படித்தான். எது எவ்வளவு பெரிது என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அளவுகளின் வித்தியாசமும் இரண்டு மூன்று மடங்கோடு நிற்காது. லட்சம் மடங்காகவும் இருக்கலாம்.

இதற்கு இரண்டு தீர்வுகள் நன்றாக வேலை செய்கின்றன.

முதலாவது வேலைத் திருட்டு. வேலை முடித்த கோர் சும்மா நிற்காமல், இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு கோரிடம் போய், அது இன்னும் தொடாத கிளை ஒன்றை எடுத்துக்கொள்கிறது. எந்தக் கிளையை எடுப்பது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. மரத்தின் உச்சிக்குப் பக்கத்தில் இருப்பதை எடுக்க வேண்டும், அதுதான் பெரியதாக இருக்க வாய்ப்பு அதிகம். மரத்தின் அடியில் உள்ள சிறு கிளையை எடுத்தால் அடுத்த கணமே மறுபடி திருடப் போக வேண்டியிருக்கும்; தேடுவதைவிடக் கேட்டு வாங்குவதிலேயே நேரம் போய்விடும். கீகோட் என்ற திறந்த மென்பொருள் தன் இணைத் தேடலை இந்த முறையில்தான் நடத்துகிறது.

இரண்டாவது தீர்வின் எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஷான்-ஷார்ல் ரெஷானும் அவருடைய சகாக்களும் 2013இல் முன்வைத்தது: பத்துக் கோர் இருந்தால் பத்துத் துண்டுகளாகப் பிரிக்காதீர்கள், நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரியுங்கள். கோருக்கு 30 துண்டுகள் போல இருந்தால் நன்றாக ஓடுகிறது என்று கண்டார்கள். எல்லாத் துண்டுகளும் ஒரு பொது வரிசையில் காத்திருக்கும். ஒன்றை முடித்த கோர் வரிசையிலிருந்து அடுத்ததை எடுத்துக்கொள்ளும். துண்டுகள் சமமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கோர் ஒரு பெரிய துண்டில் மாட்டிக்கொண்டால், அந்த நேரத்தில் மற்றவை பல சிறியவற்றை முடித்துவிடும். கூட்டிப் பார்த்தால் வேலை ஏறக்குறைய சரிசமமாகிவிடும். ஒரு கவனம் மட்டும் வேண்டும்: பிரிக்கும்போதே பரவலை ஓட்டி, அப்போதே முட்டிவிடும் துண்டுகளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. இல்லாவிட்டால் முன்னூறு துண்டுகளில் பெரும்பாலானவை வெறும் சக்கையாக இருக்கும்.

எல்லா விடைகளையும் எண்ண வேண்டிய சிக்கல்களுக்கு மரத்தைப் பங்கிடுவது மிகப் பொருத்தம். சதுரங்கப் பலகையில் ஒன்றையொன்று தாக்காமல் ராணிகளை வைக்கும் புதிர் நல்ல உதாரணம். 8 ராணிகளுக்கு 92 விடைகள். 27 ராணிகளுக்கான எண்ணிக்கையை ஜெர்மனியின் ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2016இல் கண்டது: 234,907,967,154,122,528. தொடக்கத்தில் சில ராணிகளை வைத்து, மீதியை ஏராளமான தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, இதற்கென்றே அமைத்த சிப்புகளில் ஓட்டிக் கிடைத்த விடை இது.

சுருக்கமாக: பரவலைப் பிரிப்பது கடினம், மரத்தைப் பிரிப்பது எளிது, ஆனால் சமமாகப் பிரிப்பது கடினம். அந்தச் சமமின்மையைத் திருட்டாலோ ஏராளமான துண்டுகளாலோ சரிசெய்கிறார்கள்.

பிரிக்காமலே பந்தயம் விடுவது

இன்னொரு வழி முதல் பார்வைக்கு வீண்செலவு போலத் தோன்றும். எல்லாக் கோர்களுக்கும் முழுச் சிக்கலையும் அப்படியே கொடுத்துவிடுவது! ஆனால் ஒவ்வொன்றும் வேறு உத்தியில் தேடும். ஒன்று மிகக் குறுகிய களமுள்ள மாறியில் தொடங்கும், மற்றொன்று அதிகக் கட்டுப்பாடுகள் உள்ள மாறியில், இன்னொன்று மதிப்புகளைத் தற்செயலாக எடுக்கும். எது முதலில் முடிக்கிறதோ அதன் விடையை எடுத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்திவிடுவார்கள். இதற்குப் போர்ட்ஃபோலியோ முறை என்று பெயர்.

இது ஏன் வேலை செய்கிறது? ஒரே சிக்கலில், மாறிகளின் வரிசையைக் கொஞ்சம் மாற்றினாலே தேடும் நேரம் தலைகீழாக மாறிவிடுகிறது. ஒரு வரிசையில் நொடியில் கிடைக்கும் விடை, இன்னொன்றில் நாட்கணக்கில் கிடைக்காமல் போகலாம். கார்லா கோம்ஸ், பார்ட் செல்மன் உள்ளிட்டோர் 1990களின் பிற்பகுதியில் இந்த நடத்தையை விரிவாக ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் எடுத்த ஒரு தவறான ஊகத்துக்குக் கீழே தேடல் மாட்டிக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். பல உத்திகள் ஒரே நேரத்தில் ஓடினால், அத்தனையும் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு.

கோர்கள் ஒன்றுக்கொன்று உதவவும் செய்யலாம். நவீன சால்வர்கள் (சிக்கலைத் தீர்க்கும் மென்பொருளுக்கு இதுதான் புழக்கத்தில் உள்ள பெயர்) முட்டுச்சந்தில் மோதும்போது, "இன்னின்ன மதிப்புகள் சேர்ந்து வந்தால் எப்போதும் தோல்விதான்" என்று ஒரு புது விதியைக் கற்றுக்கொள்கின்றன. ஒரு கோர் கற்றதை மற்றவற்றுக்கு அனுப்பினால், அவை அதே முட்டுச்சந்துக்குப் போகவே வேண்டாம். ஆம், இல்லை மாறிகள் கொண்ட சிக்கல்களில் சால்வர்கள் மோதும் சாட்-ரேஸ் போட்டியின் இணைப் பிரிவில் 2008இல் வென்ற மேனிசாட் என்ற சால்வர் இந்த வழியில் வந்தது. ஆனால் எல்லாவற்றையும் அனுப்பினால் விதிகளின் வெள்ளத்தில் எல்லாக் கோர்களும் மூழ்கிவிடும்; பொதுவாகக் குட்டையான, அதனாலேயே அதிகம் வெட்டக்கூடிய விதிகளை மட்டும் அனுப்புவார்கள். கூகிளின் ஓஆர்-டூல்ஸ் தொகுப்பில் உள்ள சிபி-சாட் சால்வரும் பல உத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுத் தகவல் பகிரும் வகைதான்.

இங்கேதான் இன்னொரு குழப்பமும் பிறக்கிறது. சில சமயம் இரண்டு கோர் போட்டு ஆயிரம் மடங்கு வேகம் கிடைத்ததாகச் சொல்வார்கள். பொய் அல்ல. இடது கிளையில் 100 கோடி படிகள் கொண்ட விடையே இல்லாத காடு, வலது கிளையில் 50 படியில் விடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோர் இடதில் தொடங்கினால் காடு முழுக்க அலைய வேண்டும். இரண்டு கோர் என்றால் வலதுக்குப் போனது 50 படியில் முடித்துவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரே கோர் இடதில் ஒரு படி, வலதில் ஒரு படி என்று மாறி மாறி நடந்திருந்தால் சுமார் 100 படிகளில் முடிந்திருக்கும். ஆகவே அந்த அதிசய வேகத்தில் பெரும்பங்கு கோர்களால் வந்ததல்ல, பழைய தேடல் வரிசை மோசமாக இருந்ததால் வந்தது. விடையே இல்லாத சிக்கலில் மரம் முழுவதையும் முடித்தாக வேண்டும் என்பதால், இப்படிப்பட்ட குருட்டு அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை.

எட்டு லட்சம் அல்ல, எண்ணூறு கோர்கள்

இந்தத் துறையின் ஆற்றலைக் காட்ட நான் எப்போதும் எடுப்பது 2016இல் தீர்ந்த ஒரு கணிதக் கேள்வி. 3, 4, 5 போல, முதல் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் மூன்றாவதன் வர்க்கம் வரும் எண்களைப் பிதாகரஸ் மும்மை என்பார்கள். 1 முதல் தொடங்கி எண்களுக்கெல்லாம் சிவப்பு அல்லது நீலம் பூச வேண்டும். எந்த மும்மையும் முழுக்க ஒரே நிறத்தில் இருக்கக்கூடாது. எதுவரை முடியும்? எண்கள் மாறிகள், இரண்டு நிறங்கள் களம், மும்மைகள் கட்டுப்பாடுகள். அப்பட்டமான கட்டுப்பாட்டுச் சிக்கல்.

மரைன் ஹியூலெ, ஆலிவர் குல்மன், விக்டர் மாரெக் மூவரும் விடை கண்டார்கள்: 7,824 வரை முடியும், 7,825க்கு முடியாது. முடியாது என்று காட்ட, மரத்தைச் சுமார் 10 லட்சம் துண்டுகளாகப் பிரித்தார்கள். டெக்சாஸில் இருந்த ஸ்டாம்பீட் சூப்பர்கம்ப்யூட்டரின் 800 கோர்கள் சுமார் 2 நாட்கள் ஓடின. ஒரே கோர் என்றால் அது 4 ஆண்டுகளுக்கு மேல். நிரூபணத்தின் அளவு ஏறக்குறைய 200 டெராபைட்.

இங்கே கவனிக்க வேண்டியது கோர்களின் எண்ணிக்கையை அல்ல, துண்டு போட்ட விதத்தை. ஒரு மாறியில் கிளை பிரிக்கும் முன், அந்த ஊகம் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று முன்னோக்கிப் பார்த்து, இரண்டு பக்கமும் சிக்கல் நன்றாகச் சுருங்கும் மாறியாகத் தேர்ந்தார்கள். அப்படிச் சுருங்கிய துண்டுகளை விதி கற்கும் சால்வர்களிடம் ஒப்படைத்தார்கள். பிரிப்பதற்கு ஒரு வகை அறிவு, தீர்ப்பதற்கு வேறு வகை அறிவு. இந்த உத்தி 2011இலேயே முன்வைக்கப்பட்டிருந்தது. சும்மா கண்ட இடத்தில் வெட்டியிருந்தால் 800 கோர்களும் திணறியிருக்கும்.

கூடவே வந்து குழப்பும் இரண்டு

பரவிக்கிடக்கும் கட்டுப்பாட்டுச் சிக்கல் என்று ஒன்று உண்டு. அதை இணைத் தேடலோடு சேர்த்துப் பேசிவிடுகிறார்கள். மக்கோடோ யோக்கோவும் சகாக்களும் 1992இல் இதற்கான அல்காரிதத்தைத் தந்தார்கள். அங்கே நோக்கம் வேகம் அல்ல. மாறிகளும் கட்டுப்பாடுகளும் வெவ்வேறு தரப்பினரிடம் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்ட யாரும் தயாராக இல்லை. செய்தி பரிமாறியே ஒத்துவரும் விடையைக் காண வேண்டும். பலர் சேர்ந்து கூட்டத்துக்கு நேரம் குறிப்பது மாதிரி.

இரண்டாவது ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் வேலைக்கென உருவான சிப். ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே நடையில் செய்ய அது அருமையானது. தேடல் மரத்திலோ ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு திசையில், ஒவ்வொரு நீளத்தில் போகிறது. முடியாதென்று இல்லை, ஆனால் அல்காரிதத்தையே அதற்கேற்ப மாற்றி எழுத வேண்டும்.

கோர் எண்ணிக்கையைக் கூட்டும் முன்

ஏதாவது ஒரு விடை போதுமென்றால் முதலில் போர்ட்ஃபோலியோவை ஓட்டிப் பாருங்கள். எல்லா விடைகளும் வேண்டும், அல்லது விடையே இல்லை என்று நிரூபிக்க வேண்டும் என்றால் மரத்தைப் பங்கிடும் முறைக்குத்தான் வர வேண்டியிருக்கும். அதற்கும் முன்னால் சமச்சீரைத் தேடுங்கள். நம் அட்டவணையில் அறைக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் காலை, மதியம், மாலை மூன்றும் பெயரில் மட்டும்தான் வேறு. எந்த விடையிலும் அவற்றை இடம் மாற்றி 6 விதமாக எழுதலாம். கணிதத்தைக் காலைக்கும் இயற்பியலை மதியத்துக்கும் பொருத்திவிட்டால் ஆறில் ஒரு பங்கு மரம்தான் மிஞ்சும். ஆறு கோர்கள் முழுத் திறனோடு உழைத்துத் தரும் வேகம், இரண்டு வரி மாற்றத்தில்.

அப்புறம் அளக்கும் விதம். ஒரே சிக்கலில் ஒருமுறை ஓட்டி "எட்டு மடங்கு" என்று எழுதிவிடக்கூடாது. கோர்கள் எந்த வரிசையில் செய்தி அனுப்பிக்கொண்டன என்பதைப் பொறுத்து அடுத்த முறை அது மூன்றாகவோ இருபதாகவோ வரலாம். பல சிக்கல்களில், தற்செயல் தொடக்கத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒப்பிடுவதும் இணைத் தேடலையே ஒரு கோரில் ஓட்டிய நேரத்தோடு அல்ல, ஒரு கோருக்கென்றே எழுதப்பட்ட மிகச் சிறந்த சால்வர் எடுக்கும் நேரத்தோடு.